யாரையும் ஏற்றாத ஜீப்

அந்த ஜீப் எங்களை ஏற்றிக்கொள்ளாது. விட்டுவிட்டும் போகாது.

கட்டபெட்டு ஜங்ஷனில் குன்னூர் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் ஊருக்குக் கீழ்நோக்கி மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் சோலை. குன்னூரில் தேயிலை ஏல புரோக்கர் ஒருவரின் ஆபீசில் நான் வேலை பார்த்த வருடங்களில், மாலையில் அப்படி இறங்கி நடப்பவர்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். மேகம் ரோட்டில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். வளைவில் காட்டெருமை நிற்பது கிட்டப் போகும்வரை தெரியாது.

அந்த நேரத்துக்குத்தான் ஜீப்காரர் தன் தோட்டத்துப் பச்சைத் தேயிலையை ஃபேக்டரியில் போட்டுவிட்டு வெறும் ஜீப்போடு திரும்புவார். எங்களைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பார். எங்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, ஃபர்ஸ்ட் கியரில், இரண்டு லைட்டையும் எரியவிட்டு ஊர்ந்து வருவார். யாராவது செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றால் ஜீப்பும் நிற்கும். எங்கள் நிழல்கள் நீளமாக விழுந்து எங்களுக்கு முன்னால் நடக்கும். ஊர் முனையில் கடைசி ஆள் தன் வீட்டுச் சந்துக்குள் திரும்பிய பிறகுதான் அவர் எங்களைத் தாண்டிப் போவார்.

“இந்த மனுசன் பின்னாடியே டீசல எரிச்சுக்கிட்டு வர்றதுக்கு நம்மள ஏத்திக்கிட்டா என்னங்கறேன்” என்று கேரட் மண்டியில் வேலை பார்த்த அக்கா தினமும் சொல்வாள். குடைக்குள் சாரல் அடிக்கிற நாட்களில் அதை அவர் காதில் விழும்படியே சொல்வாள்.

நான் புதிதில் ஒருநாள் நின்று, ஜீப் கிட்ட வந்ததும் கேட்டேன். “அண்ணா, பின்னாடி எடம் சும்மாதானே கெடக்குது. ஏறிக்கட்டுங்களா?”

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நரைத்த மீசை, காது வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி.

“ஏலாது புள்ள” என்றார். “நட. நான் வாறேன்.”

அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பியவர்கள். கைக்குழந்தையாக வந்தவர் என்றாலும், அந்த வீட்டுப் பேச்சு அவரிடம் அப்படியே தங்கியிருந்தது. நாங்கள் முடியாதுங்க என்று இழுக்கும் இடத்தில் அவர் ஏலாது என்று சொல்லி முடித்துவிடுவார். அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சு வளராது.

ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அதில் ஓட்டுபவருக்கு மட்டும்தான் சீட்டு. பின்னால் இருந்த பெஞ்சுகளையும் பக்கத்து சீட்டையும் போல்ட் கழற்றி எடுத்துவிட்டார். சீட்டு இருந்த இடத்தில் இரும்பு ஓட்டைகள்தான் இருந்தன. வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் சுற்றி வருவார், தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார், சாக்குகளைத் தட்டிப் பார்ப்பார். டயரைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். ஆள் யாரும் ஏறியிருக்கிறார்களா என்றுதான் பார்த்தார்.

ஊரில் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், போவார். ஆனால் மண்டபத்துக்குத் தனியாக நடந்து வந்து, தனியாக நடந்து திரும்புவார். யாராவது தங்கள் வண்டியில் ஏறச் சொன்னால் முதலில் ஒரு கேள்வி கேட்பார். “இன்சூரன்ஸ் என்ன போட்டிருக்கீங்க? முழுசா, இல்ல கட்டாயத்துக்குப் போட்டதா?” புது மாப்பிள்ளையின் அண்ணனிடம் போய் இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? சிரித்துப் பார்த்தார்கள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். தேயிலை பறிக்கும் பெண்களைப் பிக்கப் வண்டியின் பின்னால் நிற்கவைத்து ஏற்றிப் போவதைக் கண்டால் ரோட்டின் நடுவில் நின்று டிரைவரைக் கேட்பார். அந்தப் பெண்களே அவரைத் திட்டுவார்கள். அவர்களுக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

ஒருமுறை ஜங்ஷனில் போலீஸ் சோதனை நடந்தது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகளைப் பிடிக்கிறார்கள் என்று செய்தி பரவி, மேலிருந்து வருகிறவர்கள் எல்லாம் டீக்கடைப் பக்கம் பைக்கை ஒதுக்கி, யாருக்கோ காத்திருப்பதுபோல நின்றார்கள். எதிரே வருகிற வண்டிக்கு லைட்டை அடித்து அடித்து எச்சரித்தார்கள். அவர் மட்டும் நேராகப் போய் எஸ்.ஐ. முன்னால் ஜீப்பை நிறுத்தினார். யாரும் கேட்கும் முன்பே பாலிசியை நீட்டினார். எஸ்.ஐ. அதிலிருந்த நம்பரைப் போனில் தட்டிப் பார்த்தார்.

“கரெக்டா இருக்குதுங்க. போலாம்” என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒதுங்கி நின்றவர்களுக்குக் கேட்கும்படி, “இவரு மாதிரி எல்லாம் வெச்சிருந்தா ஏன் பயந்து நிக்கணும்?” என்றார்.

“எல்லாம் இல்லீங்க சார்” என்றார் அவர்.

“ஏனுங்க, அதான் இருக்குதே?”

“வெளிய நிக்கிறவங்களுக்கு இருக்குது. ஓட்டுற எனக்கு இருக்குது. உள்ள உக்காந்து வாறவங்களுக்கு இல்ல.”

எஸ்.ஐ. அவரைக் கையசைத்து அனுப்பிவிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கிய நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்று ஜீப் எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தபோது எனக்கு எரிச்சல் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவைக் கேட்டேன்.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னாள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருக்கு மனைவி இருந்தாள். மனைவியின் தங்கை பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டு லயத்து வரிசை வீட்டில் தனியாக இருந்தாள். ஒரு சாயங்காலம் ஜங்ஷனில் மழைக்கு ஒதுங்கி நின்ற அவளை இவர்தான் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார். நடந்தே போய்க்கிறேன் மச்சான் என்றுதான் அவள் சொன்னாளாம். இவர் விடவில்லை. இரண்டாவது வளைவில் ஜீப் வழுக்கித் தேயிலைக்குள் இறங்கி, சில்வர் ஓக் மரத்தில் இடப்பக்கம் மோதி நின்றது. இவருக்கு நெற்றியில் ஒரு கீறல். அவளுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் மனைவியும் மாமியாரும் அழுதுகொண்டிருந்தபோது இவர் பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு தைரியம் சொன்னார். “பயப்படாதீங்க. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குது. அவளுக்கு ஒரு கொறையும் வராது.” வந்தவர் போனவர் எல்லோரிடமும் அதையே சொன்னார். வருடம் தவறாமல் கட்டுகிறவர். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கோர்ட்டில்தான் தெரிந்தது. கம்பெனி வக்கீல் எழுந்து, இது கட்டாயத்துக்குப் போடுகிற பாலிசி, சொந்த வண்டியில் சும்மா ஏற்றிக்கொண்டு வந்தவருக்கு இது பொருந்தாது என்றார். வக்கீல் பொய் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது. அந்தப் பெண் ரோட்டில் நின்றிருந்து ஜீப் அவள் மேல் மோதியிருந்தால் கிடைத்திருக்கும். உள்ளே உட்கார்ந்திருந்ததால் கிடைக்கவில்லை. கம்பெனியை விடுவித்து, நஷ்டஈட்டை இவரே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. தேயிலைத் தோட்டத்தில் பாதியை விற்றார்.

“அதுகூடப் பரவால்ல கண்ணு” என்றாள் அம்மா. “தங்கச்சி கால் இல்லாம இந்த மேட்டுல ஏறி எறங்க முடியல. மேட்டுப்பாளையத்துல அவங்க அண்ணன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பாத்துக்க ஆள் வேணும்னு இவரு சம்சாரமும் கூடப் போச்சு. ஒரு மாசம்னு போச்சு. சண்டைகிண்டை ஒண்ணுமில்ல. வரல, அவ்வளவுதான்.”

அதன் பிறகுதான் சீட்டுகளைக் கழற்றியிருக்கிறார்.

அடுத்த நாள் ரோட்டில் எனக்குப் பக்கத்தில் ஜீப் வந்தபோது, “அந்த முழுப் பாலிசியே போட்டுக்கலாமில்லீங்கண்ணா?” என்று கேட்டேன்.

“வண்டி பழசு. இதுக்கு முழுசா போட மாட்டேங்கிறாங்க. எல்லா ஆபீசுலயும் கேட்டுட்டேன்.” அடுத்த வளைவில் ஹார்ன் அடித்தார். “நீ நின்னா உனக்கு இருக்குது, நடந்தா இருக்குது. ஏறினா இல்ல. நான்தான் அன்னிக்கு அவள ஏத்தி உக்கார வெச்சேன்.”

அப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை ஏற்றினார்.

விடாமல் மழை பெய்த ஒரு ஆடி மாதம். அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. அன்று காலை அது இன்ஹேலர் மருந்துக்கும் அடங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தால், கோத்தகிரி ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, சுற்றி வர நேரமாகும் என்றார்கள். அண்டை வீட்டுக்காரர்களின் கார் ஊட்டிக்குப் போயிருந்தது. நான் குடைகூட எடுக்காமல் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் திண்டாடிப் போனார். சாவியைக் கையில் எடுத்தார், ஆணியில் மாட்டினார், மறுபடி எடுத்தார்.

“வேற வண்டி ஏதாச்சும்...”

“இல்லீங்கண்ணா. எதுவுமில்ல.”

ஜீப்பில் உட்கார இடம் கிடையாது. முந்தைய நாள் பறித்த இலை ஃபேக்டரிக்குப் போகாமல் மூட்டையாக இருந்தது. அம்மாவைத் தூக்கிவந்து அந்த மூட்டைகளின் மேல் சாய்த்து, நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். அவர் வண்டியைக் கிளப்பாமல் திரும்பி நின்று அம்மாவிடம் கேட்டார். “அம்மா, இதுல வாறவங்களுக்கு இன்சூரன்ஸ் இல்ல. அது தெரிஞ்சுதான் வாறீங்களா?”

அம்மாவால் பேச முடியவில்லை. ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஜீப்பின் தகரத்தை இரண்டு தடவை ஓங்கித் தட்டினாள். போ என்று அர்த்தம்.

குன்னூர் வரைக்கும் அவர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹார்ன் அடித்து, நின்று, எதிரில் வண்டி இல்லை என்று பார்த்து, பிறகுதான் எடுத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. அம்மா மட்டும் பச்சை இலை வாசத்துக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, கிடைத்த மூச்சை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு நான் டீ வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் இன்னும் ஜீப்பிலேயே இருந்தார். எஞ்சினை அணைத்திருந்தார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன.

“அம்மாவுக்குப் பரவால்லீங்கண்ணா. டீ குடிங்க.”

“வெச்சுட்டுப் போ புள்ள” என்றார். “கை வர மாட்டேங்குது. கொஞ்சம் பொறுத்து வரும்.”

அம்மா வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் நான் மறுபடி வேலைக்குப் போனேன். மாலையில் ஜங்ஷனில் இறங்கினேன். நல்ல மழை. ஜீப் வந்தது. இனி நம்மை ஏற்றிக்கொள்வார் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. அவர் வேகத்தைக் குறைத்தார். வழக்கம்போலப் பின்னால் ஊர்ந்து வந்தார். அன்று எனக்குத் தாங்க முடியாத வருத்தம். அம்மாவிடம் சொன்னேன்.

“வுடு” என்றாள் அம்மா. “எனக்காகப் பண்ணாரு. மறுபடியும் அவரால முடியாது.”

அவருடைய தனிமை ஊருக்குப் பழகிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒற்றைத் தக்காளி, ஒற்றைக் கத்திரிக்காய் என்று பொறுக்குவார். பேக்கரியில் ஒரு பன் கேட்பார். மேட்டுப்பாளையத்துக்கு மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய்வருவார் என்று கேள்வி. அங்கே வாசலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாராம்.

பிறகு ஒரு தை மாதத்தில் ஜீப் காணாமல் போனது. மறுவாரம் அவர் ஒரு வெள்ளை வேனில் வந்தார். பழைய வேன்தான், ஆனால் முழுப் பாலிசி போடுகிற அளவுக்குப் புதுசு. உள்ளே எல்லா சீட்டுக்கும் சிவப்பு உறை தைத்துப் போட்டிருந்தார். ஜங்ஷனில் எங்கள் முன்னால் நிறுத்தி, இறங்கி, பக்கக் கதவை இழுத்துத் திறந்தார். போனில் பாலிசியை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“படிச்சுப் பாரு. உள்ள வாறவங்களுக்கும் சேத்து. ஒவ்வொரு சீட்டுக்கும் இருக்குது.” பிறகு எல்லோரையும் பார்த்து, “ஏறுங்க” என்றார்.

யாரும் அசையவில்லை.

அதற்குள் எங்கள் ஊருக்கு மினி பஸ் விட்டிருந்தார்கள். பாதிப் பேர் ஸ்கூட்டி வாங்கிவிட்டார்கள். நின்றது நாலு பேர்தான். “மினி பஸ் வந்துருமுங்க” என்றார் ஒருவர். கேரட் மண்டி அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “மழைல நனைஞ்சு நடந்தப்ப ஒரு நாளும் ஏறுன்னு சொல்லல. இப்ப எதுக்கு?” என்றாள்.

“ஆமாம்மா” என்றார் அவர். கதவை மெதுவாக மூடினார். மினி பஸ் வந்து எல்லோரும் ஏறினோம். நானும்தான் ஏறினேன். எல்லோருக்கும் முன்னால் தனியாக அந்த வேனில் ஏற எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாளும் வந்து நிறுத்தினார். கதவைத் திறந்தார். அன்று நான் போய் உட்கார்ந்தேன். அவர் கதவைச் சாத்தி, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார். சந்து முனையில் நிறுத்தி, இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார். அதற்கப்புறம் நான் ஒருத்திதான் அதில் போய்வந்தேன். சில நாள் அக்காவும் வந்தாள். பேசமாட்டாள், ஆனால் வந்தாள்.

பங்குனியில் ஒருநாள் என்னைக் கேட்டார். “ஞாயித்துக்கிழமை மேட்டுப்பாளையம் வாறியா புள்ள? எனக்குப் பேச வராது. நீ கூட இருந்தா நல்லா இருக்கும்.”

கோத்தகிரி வழியாக இறங்கினோம். கீழே போகப் போக வெயில் ஏறியது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரயில்வே லைனுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் ஊன்றுகோல் இரண்டையும் சுவரில் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சிரித்த முகம். அவள்தான் அந்தத் தங்கை.

“என்ன மச்சான், பஸ்ஸ விட்டுட்டு வண்டில வந்திருக்கீங்க?”

அவர் பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வேனுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். “அண்ணன் புது வேன் வாங்கியிருக்காருங்க. உங்கள ஏத்திட்டு ஒரு சுத்து போய் வரணும்னு ஆசப்படறாரு.”

அவள் வேனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “பேப்பரு இருக்குதா?” என்றாள், விளையாட்டாக.

அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. போனை எடுத்துக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து ஒவ்வொரு வரியாகக் காட்டினார். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசி வரைக்கும் படிப்பதுபோலப் பார்த்துவிட்டு, பூண்டுத் தோலைத் தட்டிவிட்டு, ஊன்றுகோலைக் கேட்டாள்.

முன் சீட்டில், இடப்பக்கம்தான் உட்கார்ந்தாள். பவானி ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்வந்தோம். ஜன்னலை இறக்கச் சொன்னாள். பாலத்தில் காற்று அடித்தபோது, “கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன் மச்சான்” என்றாள். அவர் போகவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஹார்ன் அடிக்கத் தேவையில்லாத நேரான ரோட்டிலும் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்தபோது அவர் மனைவி வேலைக்குப் போயிருந்த பாக்குமட்டைத் தட்டு கம்பெனியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். விவரம் தெரிந்து நான் அவளை அன்றுதான் பார்க்கிறேன். உயரமான பெண். தங்கையை இறக்கிக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு மறுபடி வெளியே வந்தாள். வேனுக்குள் கையை விட்டு சிவப்பு உறையைத் தடவிப் பார்த்தாள்.

“தையல் நல்லாருக்குது” என்றாள்.

“கோத்தகிரியில தச்சது” என்றார் அவர்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

வேனின் கதவு திறந்தே இருந்தது. அவர் அதன் பக்கத்தில் நின்றார். அவள் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மேலே கருத்திருந்தது.

“மேல மழை புடிக்கும்போல இருக்குது. இருட்டறதுக்குள்ள ஏறிடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

மலை ஏறத் தொடங்கி இரண்டு மூன்று வளைவு தாண்டும்வரை நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கேட்டுவிட்டேன். “அந்த அக்காவ வான்னு ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமில்லீங்கண்ணா?”

அவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று, அது போன பிறகு வண்டியை எடுத்தார்.

“அன்னிக்கு அவ தங்கச்சிய ‘வா, ஏறு’ன்னு கூப்பிட்டேன்ல” என்றார். “இனி ஏலாது புள்ள. கதவத் தொறந்துதான் வெச்சிருந்தேன்.”